எடிட்டிங் கார்டும் வராத டிரைவரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடிட்டிங் அறைகளுக்குச் சிஸ்டம் அமைத்துக் கொடுப்பதும், ஏதாவது நின்றுபோனால் போய்ப் பார்ப்பதும் என் வேலை. ஒவ்வொரு வருடமும் செப்டம்பர், அக்டோபரில் மேக்கின் புது ஓஎஸ் வந்தவுடன் போன் அடிக்க ஆரம்பிக்கும். விண்டோஸ்காரர்களின் அழைப்புக்குப் பருவமே கிடையாது, வருடம் முழுக்க வரும். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன். ‘கார்டு’ என்று நான் சொல்வது படத்தை உள்ளே வாங்கி வெளியே அனுப்பும் டெக்லிங்க், கோனா போன்றவற்றை. கிராபிக்ஸ் கார்டைப் பற்றிப் பேசும்போது ஜிபியு என்று தனியாகச் சொல்கிறேன். ‘டிரைவர்’ என்பது இவற்றை ஓஎஸ்ஸோடு பேசவைக்க, அவற்றைச் செய்த கம்பெனி தரும் மென்பொருள்.

1. சாஃப்ட்வேரும் புதுசு, ஓஎஸ்ஸும் புதுசு. தனியா டிரைவர் எதுக்கு?

பிரீமியர், எடியஸ், ரிசால்வ் என்று எந்த எடிட்டிங் சாஃப்ட்வேரும் கார்டோடு நேரடியாகப் பேசுவதில்லை. ஃப்ரேமை டிரைவரிடம் கொடுத்துவிடும். அதை எஸ்டிஐ என்ற வீடியோ கேபிள் வழியே நேரம் தவறாமல் மானிட்டருக்குப் போகவைப்பது டிரைவரின் பொறுப்பு. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 40 மில்லி செகண்ட்தான். ஒன்று தவறினாலும் படம் குதிக்கும், ஒலி விலகும். பிரிண்டர் டிரைவர் ஒரு நொடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. இங்கே தெரியும்.

ஜிபியுவிலிருந்தே மானிட்டருக்குப் படம் போகிறதே என்றும் கேட்பார்கள். அந்தப் படம் ஓஎஸ்ஸின் நிற நிர்வாகத்தையும் ரெஃப்ரெஷ் கணக்கையும் தாண்டித்தான் போகிறது. நிறம் திருத்துகிறவருக்கு இடையில் எதுவும் கைவைக்காத சிக்னல் வேண்டும். அதற்காகத்தான் காசு கொடுத்துக் கார்டு வாங்குகிறோம். ஆக, டிரைவர் வரவில்லை என்றால் வாங்கிய பொருளில் பாதி இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

2. ஓஎஸ் அப்டேட் போட்டேன், கார்டு காணாமப் போச்சு. கார்டே போயிடுச்சா?

பெரும்பாலும் இல்லை. மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து, உள்ளே பொருத்திய கார்டு என்றால் பிசிஐ பகுதியையும், வெளிப்பெட்டி என்றால் தண்டர்போல்ட் பகுதியையும் பாருங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர். அங்கே பெயரோ மஞ்சள் ஆச்சரியக்குறியோ தெரிந்தால் கார்டு உயிரோடு இருக்கிறது, டிரைவர்தான் ஏறவில்லை. எதுவுமே தெரியாவிட்டால் மெஷினை அணைத்து, கார்டைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் போட்டுப் பார்க்க வேண்டும்.

மேக்கில் இன்னொன்றும் உண்டு. 2017இல் வந்த ஹை சியரா என்ற ஓஎஸ் பதிப்பிலிருந்து, வெளியார் டிரைவரை நீங்களே கைப்பட அனுமதிக்க வேண்டும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்துக்குக் கீழே ‘அலோ’ பொத்தான் இருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு அந்த அனுமதியை மறுபடி கேட்டிருக்கலாம், அவசரத்தில் நீங்கள் மூடியிருக்கலாம். கம்பெனிக்குப் போன் போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

3. பீட்டா ஜூன்லயே கிடைக்குது. மூணு மாசத்துல ஒரு டிரைவர் எழுத முடியாதா?

கோபம் அதிகமாகக் கொப்பளிக்கும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எழுத மூன்று மாதம் தாராளம். சோதிக்கத்தான் போதாது. ஆப்பிள் ஜூனில் தருவது முடிந்த பொருள் அல்ல. கோடை முழுக்க பீட்டா மாறிக்கொண்டே இருக்கும். ஆகஸ்டில் நன்றாக ஓடிய டிரைவர் கடைசிப் பதிப்பில் தடுமாறலாம். கடைசிப் பதிப்போ, மக்கள் கைக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்புதான் கம்பெனிக்குக் கிடைக்கும்.

அடுத்து சோதனையின் அளவைப் பாருங்கள். ஒரு கம்பெனியின் விற்பனையில் இருக்கும் கார்டுகள், நிறுத்திவிட்ட ஆனால் நம் மெஷினில் இன்னும் ஓடும் கார்டுகள், எச்டி முதல் 8கே வரை ஒவ்வொரு அளவிலும் 23.98, 25, 29.97, 50, 59.94 என்று ஃப்ரேம் வேகங்கள், இன்டர்லேஸ், எச்டிஆர், பதினாறு சேனல் ஒலி, இத்தனையையும் நாலைந்து எடிட்டிங் சாஃப்ட்வேர்களோடு. பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். இரண்டு நிமிட டெஸ்டில் தெரியாத பிழை இரண்டு மணி நேரப் படத்தை ஓட்டும்போது கடைசி ரீலில் வரும். அதையும் யாராவது உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாக வேண்டும்.

விண்டோஸ் பக்கம் கையொப்பம், அதாவது டிரைவர் யாருடையது என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் முத்திரை, என்று ஒரு படியும் இருக்கிறது. விஸ்டாவின் 64 பிட் பதிப்பில் கையொப்பமில்லாத கர்னல் டிரைவர் (ஓஎஸ்ஸின் மையத்துக்குள் ஓடுவது) ஏறாது என்று தொடங்கியது. 2016இல் வந்த விண்டோஸ் 10 1607 பதிப்பிலிருந்து, புதிய கர்னல் டிரைவர்கள் மைக்ரோசாஃப்ட் வழியாகவே கையொப்பம் பெற வேண்டும் என்று இறுகியது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் அவசரத் திருத்தம் ஒன்றை அன்றைக்கே அனுப்பிவிட முடியாது.

4. கர்னல் எக்ஸ்டென்ஷன்னு ஒண்ணைச் சொல்லிக் கைவிரிக்கிறாங்களே, அது என்ன?

ஓஎஸ்ஸின் மையப்பகுதி கர்னல். பழைய முறையில் டிரைவர் அதற்குள்ளேயே போய் உட்காரும், அதுதான் கர்னல் எக்ஸ்டென்ஷன். வேகம் கிடைக்கும், ஆனால் டிரைவர் விழுந்தால் மெஷினே விழும். 2019இல் கேட்டலினாவோடு ஆப்பிள், டிரைவர்கிட் என்ற புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. டிரைவர் கர்னலுக்கு வெளியே ஓடும், விழுந்தால் தான் மட்டும் விழும். பிசிஐ கார்டுகளுக்கு அந்த வசதி 2020இன் பிக் சர்ரில்தான் வந்தது.

அதாவது, பழைய வழி மூடப்போகிறது என்ற அறிவிப்பு முதலில் வந்தது. இந்தக் கார்டுகளுக்கான புது வழி ஒரு வருடம் கழித்துத்தான் திறந்தது. வருடக்கணக்கில் செதுக்கிய டிரைவரை வேறு அஸ்திவாரத்தில் மறுபடி கட்ட வேண்டிய நிலை. அதே 2020இல் இன்டெல்லிலிருந்து ஆப்பிளின் சொந்தச் சிப்புக்கு மாற்றமும் தொடங்கியது. அந்த மெஷின்களில் பழைய வகை டிரைவரை ஏற்ற வேண்டுமென்றால், ரிக்கவரியில் போய்ப் பாதுகாப்பை ‘ரெட்யூஸ்டு செக்யூரிட்டி’ என்று குறைக்க வேண்டும். கார்டு கம்பெனியின் வழிகாட்டியில் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தால் அது தப்பான யோசனை அல்ல, அந்த டிரைவர் இன்னும் பழைய வகை என்பதற்கான அடையாளம். அடுத்த ஓஎஸ்ஸுக்கு முந்திக்கொண்டு போகாதீர்கள்.

5. மேக்ல என்விடியா கார்டு போட்டவங்க கதை என்னாச்சு? இன்னும் அதைச் சொல்லிப் புலம்புறாங்களே?

புலம்ப நியாயம் இருக்கிறது. 2013இன் உருளை மேக் ப்ரோவில் ஸ்லாட்டே கிடையாது என்பதால், பலர் 2010, 2012 மாடல் மேக் ப்ரோவையே வைத்துக்கொண்டு அதில் ஜிடிஎக்ஸ் 1080 போன்ற ஜிபியுவைப் போட்டார்கள். ஜிபியுவைக் கணக்குப் போடவைக்கும் என்விடியாவின் குடா (CUDA) நிரலமைப்பில் ரிசால்வும் பிரீமியரும் பறந்தன. டிரைவரை என்விடியா தன் தளத்தில் ‘வெப் டிரைவர்’ என்று தனியாக வெளியிட்டது. சிக்கல் என்னவென்றால், அது ஓஎஸ்ஸின் பில்டு எண்ணோடு, அதாவது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மாறும் உள் எண்ணோடு, பிணைக்கப்பட்டிருந்தது. சின்ன செக்யூரிட்டி அப்டேட் வந்தால்கூட எண் மாறும், டிரைவர் ஏறாது, அடுத்த வெப் டிரைவர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

2018 செப்டம்பரில் மொஹாவி வந்தது. வெப் டிரைவர் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. மேக் ஓஎஸ் டிரைவர்கள் ஆப்பிளின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, அவர்கள் ஒப்புதல் இல்லாமல் எங்களால் வெளியிட முடியாது என்றது என்விடியா. ஆப்பிள் வெளிப்படையாகக் காரணம் எதுவும் சொல்லவில்லை. கடைசிவரை வரவே இல்லை. 2019 நவம்பரில் வந்த குடா 10.2தான் மேக்குக்கான கடைசிப் பதிப்பு.

இதில் என்னை இன்றும் உறுத்துவது டிரைவர் வராதது அல்ல. இரண்டு பெரிய நிறுவனங்களுக்குள் ஒத்துப்போகாமல் இருப்பது அவர்கள் இஷ்டம். ‘வராது’ என்று முதல் வாரத்திலேயே ஒருவர் சொல்லியிருந்தால், அத்தனை ஸ்டூடியோக்களும் அன்றைக்கே ஏஎம்டி ஜிபியுவுக்கோ விண்டோஸுக்கோ மாறியிருக்கும். அது தெரியாமல் பல மாதங்கள் ஹை சியராவிலேயே நின்று, புது சாஃப்ட்வேர் பதிப்புகளைத் தள்ளிப்போட்டு, கடைசியில் எப்படியும் மாறத்தான் வேண்டியிருந்தது.

6. ஸ்டூடியோ டிரைவர், கேம் ரெடி டிரைவர்னு ரெண்டு இருக்கே. எதைப் போடணும்?

இரண்டும் என்விடியா ஜிபியுவுக்கானவை. எடிட்டிங் மெஷினில் ஸ்டூடியோ டிரைவர். 2019 மார்ச்சில் ‘கிரியேட்டர் ரெடி’ என்ற பெயரில் வந்து, இரண்டே மாதத்தில் இப்போதைய பெயரைப் பெற்றது. கேம் டிரைவர் புது விளையாட்டுகள் வெளியாகும் தேதிக்கு ஓடுகிறது. ஸ்டூடியோ டிரைவரை அடோபி, ரிசால்வ் போன்றவற்றோடு சோதித்து மெதுவாக வெளியிடுகிறார்கள். இந்த மெதுவைத் தாமதம் என்று நினைக்காதீர்கள். நமக்கு வேண்டியது அதுதான்.

பழைய ஜிபியு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசையின் கெப்ளர் வகை ஜிபியுகளுக்கு வழக்கமான டிரைவர் வெளியீடு 2021இல் நின்றது, கடைசி வரிசை 470. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கும் வழக்கமான வெளியீடு 2025 அக்டோபரோடு முடியும், பிறகு 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என்று என்விடியா முன்கூட்டியே அறிவித்தது. கசப்பான செய்திதான், ஆனாலும் தேதியோடு சொன்னார்கள். 5ஆம் கேள்வியில் இல்லாமல் போனது இதுதான்.

7. நான் எதையும் தொடல சார், விண்டோஸ் தானாவே டிரைவரை மாத்திடுச்சு. நிறுத்த முடியாதா?

முடியும். ப்ரோ பதிப்பு என்றால் குரூப் பாலிசியில், விண்டோஸ் அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்காதே என்று ஒரு விதி இருக்கிறது. அதை இயக்கிவிடுங்கள். ஹோம் பதிப்பில் அப்டேட்டைச் சில வாரங்களுக்கு நிறுத்திவைக்கலாம், நிரந்தரமாக அல்ல. ஏற்கெனவே மாறிவிட்டதென்றால் டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் டிரைவர் பக்கத்தில் ‘ரோல் பேக் டிரைவர்’ இருக்கும். அது மங்கலாக இருந்தால், டிரைவரை நீக்கிவிட்டுப் பழையதைக் கையால் போட வேண்டும்.

அதற்குப் பழைய இன்ஸ்டாலர் கையில் இருக்க வேண்டுமே! ஒழுங்காக ஓடும் டிரைவரின் இன்ஸ்டாலரை, பதிப்பு எண்ணோடு, ஒரு பென்டிரைவில் போட்டு மெஷினிலேயே கட்டிவையுங்கள். பல கம்பெனிகள் பழைய பதிப்புகளைத் தளத்தில் வைத்திருக்கின்றன, ஆனால் டெலிவரிக்கு முந்தைய ராத்திரியில் அதை நம்பி இருக்கக் கூடாது.

8. பழைய டிரைவருக்குத் திரும்பினா ப்ராஜெக்ட் கெட்டுடுமா?

டிரைவரால் கெடாது. ப்ராஜெக்ட் கோப்புக்கும் டிரைவருக்கும் சம்பந்தமில்லை. ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது சாஃப்ட்வேர் பதிப்பில். ரிசால்வில் ப்ராஜெக்ட் லைப்ரரியைப் புதுப் பதிப்புக்கு ஏற்றிவிட்டால் பழைய பதிப்பு அதைத் திறக்காது. பிரீமியர் ப்ராஜெக்டிலும் இதே சங்கடம் உண்டு. ஏற்றும் முன் லைப்ரரியை பேக்கப் எடுங்கள்.

இன்னொரு விஷயம் ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் நிரல். டெக்லிங்க், கோனா இரண்டிலும் புது டிரைவர் போட்டதும் அதையும் மாற்றச் சொல்லும். டிரைவரில் பின்னால் வந்தால் ஃபர்ம்வேரையும் அதற்கேற்ப மறுபடி எழுத நேரலாம். எழுதும்போது கரன்ட் போனால் கார்டு முடங்கக்கூடும். யுபிஎஸ் பேட்டரி சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

9. கம்பெனி டிரைவர் குடுத்துட்டாங்க. ஆனாலும் மானிட்டர்ல படம் வரல. இப்ப யாரைத் திட்டுறது?

மூன்றாவது ஆளை. ஓஎஸ் கம்பெனி, கார்டு கம்பெனி, சாஃப்ட்வேர் கம்பெனி மூவரும் சேர்ந்தால்தான் படம். 2011 ஜூனில் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் வந்தபோது கார்டும் டிரைவரும் இருந்தன, சாஃப்ட்வேரில்தான் வெளி மானிட்டருக்குப் படம் அனுப்பும் வசதியே இல்லை. 2012 ஜனவரியின் 10.0.3 பதிப்பில்தான் அது வந்தது, அதுவும் பீட்டாவாக. அந்த ஏழு மாதங்களில் எத்தனையோ பேர் கார்டு கம்பெனியைத் திட்டியிருப்பார்கள்.

யார் பக்கம் தவறு என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கார்டோடு வரும் கம்பெனியின் சொந்தச் சின்ன சாஃப்ட்வேரில் (டெக்லிங்க் என்றால் மீடியா எக்ஸ்பிரஸ், ஏஜேஏ கம்பெனியின் கோனா என்றால் கன்ட்ரோல் ரூம்) ஒரு கிளிப்பை ஓட்டுங்கள். அதில் படம் வந்தால் கார்டும் டிரைவரும் சரி, எடிட்டிங் சாஃப்ட்வேரின் அமைப்பையோ பதிப்பையோ பாருங்கள். அதிலும் வராவிட்டால் டிரைவர் பக்கம். சாஃப்ட்வேரின் வெளியீட்டுக் குறிப்பில் குறைந்தபட்ச டிரைவர் பதிப்பு எழுதியிருந்தால் அதையும் படியுங்கள்.

10. லினக்ஸுக்குப் போயிட்டா இந்தத் தொல்லையே இல்லையாமே?

தொல்லையின் வடிவம் மாறும். அங்கே டெக்லிங்க் டிரைவர் ஒவ்வொரு கர்னலுக்கும் உங்கள் மெஷினிலேயே மறுபடி கம்பைல் ஆகும், அதாவது அந்தக் கர்னலுக்கேற்ற நிரலாகத் திரும்ப உருவாகும். கர்னல் தானாக அப்டேட் ஆகி, அதன் உள்ளமைப்பு மாறியிருந்தால் கம்பைல் தோற்கும், மறுநாள் காலை கார்டு இருக்காது. ரிசால்வுக்கு அதன் கம்பெனியே பரிந்துரைக்கும் ராக்கி லினக்ஸ் போன்ற மெதுவாக மாறும் வகையைப் போட்டு, கர்னலைப் பூட்டி வைத்தால் வருடக்கணக்கில் அசையாது. பெரிய கலர் கிரேடிங் கூடங்கள் அப்படித்தான் ஓட்டுகின்றன. பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால் போகலாம். எடிட்டரே அதையும் பார்க்க வேண்டுமென்றால் வேண்டாம்.

11. பழைய கல்யாண டேப் நிறைய இருக்கு, ஃபயர்வயர்லதான் ஏத்தணும். புது மேக்ல முடியுமா?

2025இல் வந்த மேக் ஓஎஸ் 26 டஹோவில், ஃபயர்வயர் என்ற அந்தப் பழைய கேபிள் இணைப்புக்கான ஆதரவே எடுக்கப்பட்டுவிட்டது. அடாப்டர்களைக் கோத்தாலும் பயனில்லை. இதற்கு டிரைவர் வரும் என்று காத்திருக்க வேண்டாம். விண்டோஸிலோ டிவைஸ் மேனேஜரில் 1394 (ஃபயர்வயரின் இன்னொரு பெயர்) கன்ட்ரோலருக்கு ‘லெகசி’ டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் பல கார்டுகள் இன்னும் ஓடுகின்றன.

என் யோசனை: ஒரு பழைய மேக்கையோ பிசியையோ டேப்புக்கென்றே ஒதுக்கி, இன்டர்நெட்டை அறுத்துவிடுங்கள். ஒரு மணி நேர டிஜிட்டல் வீடியோ (DV) டேப் சுமார் 13 ஜிபி. அது ஓடும் நேரமேதான் ஏற்றவும் ஆகும். டேப்பும் பிளேயரின் ஹெட்டும் டிரைவரைவிட வேகமாகத் தேய்கின்றன, இந்த வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

12. என் கார்டுக்கு இனி சப்போர்ட் இல்லேன்னுட்டாங்க. தூக்கிப் போடவா?

வேண்டியதில்லை. முந்தைய பதிலில் சொன்ன ஏற்பாடே இதற்கும். கடைசியாக ஒழுங்காக ஓடிய ஓஎஸ், டிரைவர், சாஃப்ட்வேர் மூன்றையும் அப்படியே நிறுத்தி, டிஸ்க்கை ஒரு குளோன் (அச்சு அசல் நகல்) எடுத்து வையுங்கள். கார்டு பல வருடம் உழைக்கும். புது கேமராக்களின் கோடெக்கை (படத்தைச் சுருக்கிப் பதியும் முறை) அந்த மெஷின் திறக்காது. அதற்கு வேறு மெஷினில் ப்ராக்ஸியாகவோ (இலகுவான நகல்) ப்ரோரெஸ்ஸாகவோ (எடிட்டிங்குக்கு ஏற்ற வடிவம்) மாற்றிக் கொண்டுவாருங்கள். பாதுகாப்புத் திருத்தம் நின்ற ஓஎஸ்ஸை மட்டும் இன்டர்நெட்டில் விடாதீர்கள்.

13. காசு குடுத்து வாங்கியிருக்கோம். கோபப்படக்கூட உரிமை இல்லையா?

தாராளமாக உண்டு. கார்டை ஒருமுறைதான் விற்கிறார்கள், டிரைவரைப் பல வருடம் இலவசமாகத் தர வேண்டியிருக்கிறது, பழைய கார்டுக்கு உழைப்பதில் அவர்களுக்கு வருமானம் இல்லை. இது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு அவர்கள் விலை வைக்கும்போது போட்டிருக்க வேண்டியது. நம் தலையில் வந்து விழக் கூடாது.

தாமதத்தை நான் மன்னிப்பேன், 3ஆம் பதிலில் காரணம் சொல்லியிருக்கிறேன். மௌனத்தை மன்னிக்க மாட்டேன். ‘இந்த ஓஎஸ்ஸுக்கு இன்னும் தயாராகவில்லை, அப்டேட் செய்யாதீர்கள்’ என்று தளத்தில் ஒரு வரி போட ஒரு நாள்கூட ஆகாது. அந்த ஒரு வரி இல்லாததால், ஒரு சின்ன ஸ்டூடியோவில் முகூர்த்த சீசன் நடுவில் இரண்டு மெஷின்கள் முடங்கிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கடிதம் எழுதிக் கேட்டதற்கு, ‘எங்கள் பொறியாளர்கள் கவனித்து வருகிறார்கள்’ என்ற அச்சடித்த பதில்தான் வந்தது.

14. எழுதினா பதிலே வர்றதில்ல. எப்படி எழுதினா காது குடுப்பாங்க?

‘வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் வரிசையின் அடியில் போய்விடும். கார்டின் மாடல், ஓஎஸ்ஸின் முழுப் பில்டு எண், டிரைவர், ஃபர்ம்வேர், சாஃப்ட்வேர் பதிப்புகள், எந்த அளவில் எந்த ஃப்ரேம் வேகத்தில் நடக்கிறது, 9ஆம் கேள்வியின் சோதனையில் என்ன தெரிந்தது, எந்தப் பதிப்புவரை ஒழுங்காக ஓடியது. இவ்வளவும் வேண்டும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். எங்கே உடைந்தது என்று தெரிந்தால் பொறியாளருக்குப் பாதி வேலை முடிந்தது. வாங்கிய கடைக்காரர், விநியோகஸ்தர் வழியாகவும் அனுப்புங்கள், அடுத்த ஆர்டரைக் கையில் வைத்திருப்பவரின் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

15. புதுசா வாங்கப் போறேன். எதைப் பார்க்கணும்?

விளம்பரத்தாளை மூடிவிட்டு டிரைவர் பதிவிறக்கப் பக்கத்தைத் திறங்கள். கடந்த மூன்று ஓஎஸ்கள் வந்த தேதியையும், ஒவ்வொன்றுக்கும் இவர்கள் டிரைவர் தந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நிறுத்தப்பட்ட கார்டுகளின் பெயர் புது டிரைவரின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். விலை, போர்ட் எண்ணிக்கை எல்லாம் அதற்கு அப்புறம். யூடியூபுக்கு மட்டும் செய்கிறவர் என்றால் கார்டே தேவைதானா என்றும் யோசியுங்கள். 2019 ஜூலையின் ஸ்டூடியோ டிரைவரிலிருந்து என்விடியாவின் சாதாரண ஜிஃபோர்ஸ் ஜிபியுவிலும் அடோபி சாஃப்ட்வேர்களுக்கு 10 பிட் நிறம் கிடைக்கிறது. அதற்கு முன் அதற்காகவே குவாட்ரோ என்ற தொழில்முறை ஜிபியு வாங்க வேண்டியிருந்தது.

16. பாதிப் படம் முடிஞ்சிருக்கு. பழைய டிரைவர்ல ஒரு பிழை, புதுசுல சரி பண்ணிட்டாங்களாம். இப்ப மாத்தலாமா?

அந்தப் பிழை வேலையை நிறுத்துகிறதா, எரிச்சல் மட்டும் தருகிறதா? எரிச்சல்தான் என்றால் டெலிவரி முடியும்வரை தொடாதீர்கள். நிறுத்துகிறது என்றால் முதலில் சிஸ்டம் டிஸ்க்கைக் குளோன் எடுத்து, அந்தக் குளோனிலிருந்து மெஷினை ஏற்றி, புது டிரைவரை அங்கே போடுங்கள். கார்டின் ஃபர்ம்வேரும் மாறும் என்பதால், திரும்பி வர நேர்ந்தால் 8ஆம் பதிலில் சொன்ன மாதிரி அதையும் மறுபடி எழுத வேண்டியிருக்கலாம்.

பிறகு படத்திலேயே மிகக் கனமான ரீலை எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை ஓட்டுங்கள், மானிட்டரில் படத்தையும் ஸ்பீக்கரில் உதட்டசைவுப் பொருத்தத்தையும் பார்த்தபடி. முழு ரீலும் சுத்தமாக ஓடினால் உண்மையான டிஸ்க்கில் போடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம், கம்பெனியின் உதவி எண் திங்கட்கிழமைதான் எடுக்கும்.